தரங்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

காட்டுப்பள்ளிப் பாட்டு டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருக்காட்டுப்பள்ளியில் வீட்டுத் திண்ணையில் பாட்டுச் சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு, காபி குடித்து, முகம் கழுவிக்கொண்டு பிள்ளைகள் வந்து சேர ஐந்தரை மணி ஆகிவிடும். எல்லாம் பத்திலிருந்து பதினான்கு வயது வரையிலான பெண் பிள்ளைகள். கீதம், ஸ்வரஜதி முடித்து இரண்டு மூன்று வர்ணங்கள் வரை வந்திருக்கிறார்கள்.

மாசி வளர்பிறை அஷ்டமியில் திருப்பூந்துருத்தியில், ஸ்ரீகிருஷ்ண லீலா தரங்கிணி பாடிய துறவி நாராயண தீர்த்தருக்கு ஆராதனை நடக்கிறது. அதையொட்டி எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் இந்தப் பிள்ளைகளை வைத்து அரை மணி நேரம் அவருடைய தரங்கம், அதாவது கண்ணனைப் பற்றிய சம்ஸ்கிருதப் பாட்டுகள், பாட வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் பாடித் திரிந்த மண்ணிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் போட்டிக்கு மட்டும் தயாராகிறார்களே என்று மனம் கேட்கவில்லை.

இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன். "ஆலோகயே ஸ்ரீபாலகிருஷ்ணம்" பாட்டை நான் ஹுசேனி ராகத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பஜனை மடத்துப் பெரியவர் அந்த மெட்டு கச்சேரிக்காரர்களுடையது என்கிறார். தாம் பாடுவதே பழைய வழி என்கிறார். அவருடைய மெட்டும் கேட்க இதமாகத்தான் இருக்கிறது. எதைச் சொல்லித் தருவது?

அடுத்தது, பிள்ளைகளில் ஒருத்தி கேட்ட கேள்வி. "வீடு வேண்டாம், காசு வேண்டாம் என்று காவி கட்டிக்கொண்டவர் ஏன் டீச்சர் வெண்ணெய் திருடிய கதையைப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்?" நான் ஏதோ பதில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. பெரியவர்கள் யாராவது வழி சொல்ல வேண்டும்.

கும்பேசுவரன் தெரு எழுதியது:

நல்ல காரியம் டீச்சர். அரை மணி நேரத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. "கோவர்தன கிரிதர" தர்பாரி கானடாவில், "கிருஷ்ணம் கலய சகி" முகாரியில், "பூரய மம காமம்" பிலஹரியில், "க்ஷேமம் குரு" மோகனத்தில். நான்கும் எல்லோருக்கும் தெரிந்தவை, கேட்பவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். கடைசியில் சதாசிவப் பிரம்மேந்திரரின் "மானஸ ஸஞ்சரரே" சேர்த்துவிடுங்கள். அவரும் துறவிதானே, பொருத்தமாக இருக்கும்.

தீர்த்தர் பாடகர் மட்டும் இல்லை, காசியில் வேதாந்த நூல்களுக்கு உரை எழுதிய பண்டிதர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குடமுருட்டிக் கரை எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு ஆசீர்வாதம். நடுக்காவேரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஏகாதசி பஜனை உண்டு. சிறு வயதில் ஜால்ரா போடுபவனாக உட்கார்ந்தவன், இப்போது நடுவில் உட்காருகிறேன். தரங்கம் என்ற பேச்சு வந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே ஐயா சொன்ன நான்கு பாட்டுகள். நான்கும் ரத்தினங்கள். ஆனால் அவற்றை அப்படிப் பொறுக்கி எடுத்துப் பாடுவதில்தான் எனக்கு வருத்தம். கச்சேரியில் இரண்டரை மணி நேரம் முடிந்த பிறகு, தனி ஆவர்த்தனம் கேட்டுப் பாதிப் பேர் எழுந்து போன பிறகு, துக்கடாவாக ஒரு தரங்கம் வரும். எந்த இடத்துப் பாட்டு, யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்பது பாடுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. தீர்த்தர் எழுதியது தனிப் பாட்டுகளின் தொகுப்பு இல்லை அம்மா. ஸ்ரீகிருஷ்ண லீலா தரங்கிணி முழுக்க ஒரே கதை. கண்ணன் பிறப்பில் ஆரம்பித்து ருக்மிணி கல்யாணத்தில் முடிகிற பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் தரங்கம் என்றே பெயர். நடுவில் ஸ்லோகம் வரும், கத்யம் என்கிற உரைநடை வரும், பிறகு பாட்டு வரும். ஸ்லோகம் இடத்தைச் சொல்லும், கத்யம் கதையை ஓட்டும், பாட்டு அந்த இடத்திலேயே நின்று அனுபவிக்கும். இந்த மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதை மட்டும் பாடுகிறோம்.

ஜயதேவரும் பன்னிரண்டு சர்க்கங்களில்தான் கீதகோவிந்தம் செய்தார். இருவரையும் ஒன்றாகச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம், ஜயதேவரே தீர்த்தராக வந்தார் என்று நம்புகிறவர்களும் உண்டு. மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஒழுங்குசெய்து வைத்த பஜனை முறையில் அஷ்டபதி என்கிற கீதகோவிந்தப் பாட்டுகளுக்குப் பிறகு தரங்கத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஜயதேவர் ஒரே ஒரு பிரிவையும் ஒரே ஒரு கூடலையும் எடுத்துக்கொண்டு அதையே இருபத்துநான்கு பாட்டாகப் பாடினார். தீர்த்தர் பாகவதத்தையே கையில் எடுத்துக்கொண்டார். தொட்டில் குழந்தை, கன்று மேய்க்கும் பையன், மலை தூக்கியவன், ராசத்தில் ஆடியவன், மாப்பிள்ளை என்று எல்லாப் பருவமும் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிடத் தோதான நூல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் யோசனை இது. நாட்டை ராகத்தில் "ஜய ஜய ஸ்வாமின்" பாடித் தொடங்குங்கள். பிறகு கண்ணன் பிறப்புப் பகுதியிலிருந்து ஒரு ஸ்லோகம், தாளம் இல்லாமல் விருத்தமாக, அவசரப்படாமல். அதற்குப் பிறகு நீங்களே நின்று இரண்டு வாக்கியம் தமிழில் கதை சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் எடுத்துக்கொள்கிற பாட்டுகளைப் புத்தகத்தில் வருகிற வரிசையிலேயே பாட வையுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம். இடையிடையே ஸ்லோகம் வரட்டும். ருக்மிணி கல்யாணப் பகுதியிலிருந்து ஒரு ஸ்லோகம் சொல்லி மங்களம் பாடி முடியுங்கள். பாட்டு மூன்றோ நான்கோ போதும். அரை மணியில் கண்ணன் பிறந்து கல்யாணமும் ஆகிவிட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கதையாகச் சொல்வாள். பாட்டு மனத்தில் தங்குவதற்கு வேறு வழி நான் பார்த்ததில்லை.

மெட்டு விஷயம். பழைய ஏட்டிலும் ஆரம்பகால அச்சுப் பதிப்புகளிலும் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். ஸ்வரம் இருக்காது. அதனால் கச்சேரி மேடையில் ஒரு மெட்டு, பஜனை மடத்தில் ஒரு மெட்டு, நாட்டியக்காரர்களிடம் ஒரு மெட்டு என்று ஆகிவிட்டது. இதில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் இருப்பது திருக்காட்டுப்பள்ளி. உங்கள் ஊர்ப் பெரியவர் வாயில் ஒரு மெட்டு இருக்கிறது, அது எந்த ஒலித்தட்டிலும் இல்லை. ஹுசேனி மெட்டு எங்கும் போய்விடாது, நாளைக்கு அந்தப் பிள்ளை சென்னைக்குப் போனாலும் அங்கே கிடைக்கும். பெரியவருடைய மெட்டு அவரோடு போய்விடும். அவரைத் திண்ணைக்கே வரவழைத்துப் பிள்ளைகளுக்கு எதிரில் பாட வையுங்கள். அவர் எடுக்கும் இடம், நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்து வையுங்கள். பாகவதர் ஒரு வரி பாட, கூட்டம் அதே வரியைத் திருப்பிப் பாடுவதுதான் எங்கள் பழக்கம். பிள்ளைகளுக்கும் அப்படிப் பாடம் சொல்வது சுலபம்.

இனி அந்தக் குழந்தையின் கேள்வி. எனக்கு அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பதில் "ஆலோகயே" பாட்டிலேயே இருக்கிறது அம்மா. பாட்டை மெதுவாக ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். "சரண நிக்வணித நூபுர கிருஷ்ணம்" என்று காலில் ஒலிக்கிற சலங்கையில் ஆரம்பிக்கிறார். அடுத்து கையில் பொன் கங்கணம். அப்புறம் இடுப்பில் கிண்கிணி. அப்புறம் மூக்கில் முத்து. அப்புறம் கழுத்தில் கௌஸ்துபம். ஆடுகிற குழந்தையை எதிரில் உட்கார்ந்து பார்க்கிற தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறார். வெண்ணெய், தயிர் திருடியவனும் வந்துவிடுகிறான். ஆனால் அந்தத் திருடனைச் சொன்ன அதே மூச்சில், பக்தர்களுடைய பிறவிக் கட்டை அவிழ்ப்பவன் என்கிறார். மூக்குத்தி முத்தைச் சொன்ன கையோடு "அகண்ட விபூதி", எல்லையற்ற பெருமை உடையவன், என்கிறார். நீலமேக சியாமளனைச் சொன்னதும் "நித்ய நிர்மலானந்த போத லக்ஷண", என்றும் மாசற்ற ஆனந்தமும் அறிவுமே இலக்கணமானவன், என்கிறார். அது உபநிடதம் பேசுகிற பாஷை. குழந்தையின் நகையையும் பிரம்மத்தின் இலக்கணத்தையும் ஒரே வரியில் ஒரே ஆளுக்குச் சூட்டுகிறார். துறவி எதை விட்டாரோ அதைப் பாடவில்லை. எதைத் தேடி விட்டாரோ அது அவருக்கு எதிரில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டிருந்தது, அதைப் பாடினார்.

அவர் துறவியான கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் காஜா என்ற ஊர்க்காரர் என்றும், பெயர் கோவிந்த சாஸ்திரி என்றும் சொல்வார்கள். மாமனார் ஊருக்குப் போகிற வழியில் கிருஷ்ணா நதியில் வெள்ளம் வந்துவிட்டது. உயிர் போகும் நேரம் என்று நினைத்து நடு ஆற்றிலேயே ஆபத் சந்நியாச மந்திரம் சொல்லிவிட்டார். பிழைத்துக் கரையேறியும் அந்த வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு தெற்கே வந்தார். தீராத வயிற்று வலி. எங்கள் நடுக்காவேரிப் பிள்ளையார் கோயிலில் படுத்தவருக்குக் கனவு வந்தது, காலையில் முதலில் கண்ணில் படுவதன் பின்னால் போ என்று. விழித்துப் பார்த்தால் ஒரு வெள்ளைப் பன்றி. அதன் பின்னாலேயே போனார். அது பூபதிராஜபுரம் பெருமாள் கோயிலுக்குள் போய் மறைந்தது, வலியும் நின்றது. அந்த ஊர்தான் வரகூர். அங்கே அவர் தரங்கம் பாடும்போது சந்நிதித் திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது என்று எங்கள் பாட்டி சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். கோகுலாஷ்டமிக்கு வரகூரில் உறியடியும் வழுக்குமரமும் பார்த்திருப்பீர்கள். அதுவும் தீர்த்தர் ஏற்படுத்திய உற்சவம் என்பதுதான் ஊரின் வழக்கு. அவர் ஆசிரியராக இருந்ததை நான் அங்கேதான் பார்க்கிறேன். சூத்திரமும் பாஷ்யமும் படிக்க முடியாதவன் பாட்டுப் பாடட்டும், பாட்டும் வராதவன் உறியாவது அடிக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரு வாசல் திறந்து வைத்தார்.

"மானஸ ஸஞ்சரரே" சேர்ப்பது பற்றி. பிரம்மேந்திரர் மேல் எனக்கு அளவு கடந்த பக்தி. திருவிசநல்லூரில் படித்தவர், நெரூரில் சமாதி கொண்டவர், வாய் பேசுவதையே விட்டுவிட்டவர். அவர் பாட்டுகள் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், நாலு வரியில் காரியம் முடிந்துவிடும். தரங்கம் கதைக்குள் இருந்தால்தான் மூச்சு விடும். அவருக்கு வேறு ஒரு நாள் வையுங்கள். ருக்மிணிக்குத் தாலி கட்டின பிறகு இன்னொருவர் பாட்டுக்குப் போக எனக்கு மனம் வராது.

ஏழூர் எழுதியது:

குடமுருட்டிக் கரை மாமா சொன்னதற்கெல்லாம் நமஸ்காரம். கும்பேசுவரன் தெரு ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும், பிள்ளைகள் காதில் விழப் போகிறது என்பதால். மதுசூதன சரஸ்வதியின் சித்தாந்த பிந்து என்ற வேதாந்த நூலுக்கு உரை எழுதிய நாராயண தீர்த்தர் வேறு ஒருவர். அவர் தம் குருவாகச் சொல்வது ராமகோவிந்த தீர்த்தரை. நம் தரங்கிணி ஆசிரியரோ, தரங்கத்தின் முடிவுரையில் தம்மைச் சிவராமானந்த தீர்த்தரின் திருவடித் தொண்டர் என்றே சொல்லிக்கொள்கிறார். சந்நியாசிகள் பழைய பெயரை விட்டுவிடுகிறவர்கள், ஒரே ஆசிரமப் பெயர் பலருக்கு வரும். குருவின் பெயரைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். தம் குருவை அத்தனை இடங்களில் நினைத்தவருக்கு நாம் வேறொரு குருவைக் கொடுத்துவிடக் கூடாது.

திருப்பூந்துருத்தியைப் பற்றியும் ஒரு சொல். திருவையாற்றுச் சப்தஸ்தானம் என்கிற ஏழு சிவத்தலங்களில் அதுவும் ஒன்று. அப்பர் மடம் அமைத்து இருந்த ஊர். அவர் அங்கே இருந்தபோதுதான் சம்பந்தர் வந்த பல்லக்கைக் கூட்டத்தோடு கூட்டமாய்த் தோள் கொடுத்துச் சுமந்தார். அப்பேர்ப்பட்ட ஊரில் குடமுருட்டிக் கரையில் தீர்த்தரும் அடங்கியிருக்கிறார். தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு சிறு பகுதியாவது மாசியில் அடுத்த ஊருக்கும் வரக் கூடாதா என்று எனக்குத் தீராத ஏக்கம். கண்டியூரில் இறங்கினால் பக்கம்தான். டீச்சர், மண்டபத்தில் பாடிய பிறகு பிள்ளைகளை ஒரு தடவை அங்கேயும் கூட்டிப் போங்கள்.

தஞ்சைச் சலங்கை எழுதியது:

நான் தஞ்சாவூரில் குச்சிப்புடி கற்றுத் தருகிறவள். எங்கள் நடனத்துக்கு வடிவம் கொடுத்த சித்தேந்திர யோகி நாராயண தீர்த்தரின் சீடர் என்பது எங்கள் குரு பரம்பரை சொல்லும் செய்தி. அதனால் தீர்த்தரை நாங்கள் தாத்தா ஸ்தானத்தில் வைத்திருக்கிறோம். பால கோபால தரங்கத்துக்குப் பித்தளைத் தட்டின் விளிம்பில் கால் ஊன்றி, தலையில் நீர்ச்செம்பு வைத்து ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கைத்தட்டல் தட்டுக்கும் செம்புக்கும்தான் விழுகிறது. அந்தச் சமயத்தில் பாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். மாமாவின் வருத்தம் எனக்கும் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. தரங்கப் பாட்டுகள் சிலவற்றில் ஜதி என்கிற தாளச் சொற்கட்டுகளும் கோத்து வருகின்றன. பாடுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு பாட்டை எடுத்து, உங்கள் பிள்ளைகளில் தாளம் நன்றாக நிற்கிற ஒருத்தியை ஜதி சொல்ல வையுங்கள். மிருதங்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்கள் கையால் தாளம் போடட்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சம்ஸ்கிருத வரிகளைவிட ஜதி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடியில் சாகித்தியமும் உள்ளே வந்துவிடும். என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

காட்டுப்பள்ளிப் பாட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வேன். மாமா எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேள்வி கேட்டவள், "அப்படியென்றால் கால் முதல் கழுத்து வரை கிருஷ்ணரை வரைந்து, எந்த நகைக்கு எந்த வரி என்று எழுதலாமா டீச்சர்?" என்றாள். பெரிய சார்ட் தாள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பஜனை மடத்துப் பெரியவர் வெள்ளிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மெட்டையே எடுத்துக்கொள்கிறோம். "மானஸ ஸஞ்சரரே" இந்தத் தடவை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கும்பேசுவரன் தெரு அண்ணா தவறாக எண்ண வேண்டாம், பிரம்மேந்திரருக்கு நெரூர் ஆராதனையின்போது தனியாகச் செய்கிறோம்.

இரண்டு சந்தேகம். பெரியவர் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார், பிள்ளைகளுக்கு ஐந்தரைக் கட்டை. திருப்பிப் பாடும்போது எப்படிச் சமாளிப்பது? கத்யத்தை ராகத்தோடு சொல்வதா, வெறுமனே வாசிப்பதா?

கும்பேசுவரன் தெரு எழுதியது:

தவறாக எண்ண என்ன இருக்கிறது அம்மா. குருவின் பெயரைத் தெரிந்துகொண்டேன், அது போதும். சார்ட் தாள் செலவு என்னுடையதாக இருக்கட்டும்.

குடமுருட்டிக் கரை எழுதியது:

அந்தக் குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். சுருதிக்கு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெரியவரை அவர் சுருதியிலேயே பாட விட்டுப் பதிவு செய்யுங்கள், அன்றைக்குப் பிள்ளைகள் கேட்டால் போதும், கூடப் பாட வேண்டாம். மறுநாள் நீங்கள் அதே மெட்டை ஐந்தரைக் கட்டைக்கு எடுத்து வரிவரியாகச் சொல்லிக் கொடுங்கள். மண்டபத்தில் பாடும்போது பெரியவரிடம் ஸ்லோகங்களை மட்டும் அவர் சுருதியிலேயே பாடச் சொல்லிவிட்டு, பாட்டுக்குச் சுருதிப் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். ஸ்லோகத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் நீங்கள் கதை சொல்கிற நேரம் அதற்குப் போதும்.

கத்யத்தை எங்கள் வீட்டில் மோகனத்திலோ கேதார கௌளையிலோ லேசாக இழுத்துச் சொல்வார்கள், தாளம் கிடையாது. சமாசம் என்கிற நீளமான கூட்டுச் சொற்கள் வரும், பிள்ளைகளுக்கு மூச்சு நிற்காது. எங்கே பதம் பிரிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். நன்றாக உரக்கப் படிக்கிற பிள்ளை ஒருத்தியிடம் ஒரே ஒரு கத்யம் ஒப்படைத்தால் போதும். புத்தகம் இல்லையென்றால் என்னிடம் கிரந்த எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. தமிழ்ப் பிரதியை ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளிப் பஸ்ஸில் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.